வாஷிங்டன் கலியாணமும் பங்சார் வாசகரும்

“படித்தேன், சிரித்தேன், அதற்கு மேல் அதில் ஆராய என்ன இருக்கிறது?” என்று ஒருவர் ஒரு நூலைப் பற்றிக் கூறினால், அதனைப் பாராட்டாகக் கொள்வதா, பழிப்பாகக் கொள்வதா? தமிழாசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் பழிப்பாகவே கொள்கிறோம். சிரிக்க வைத்த நூல் சிந்திக்க வைத்ததா என்று உடனே மறுவினா எழுப்புகிறோம். இல்லை என்று விடை வந்ததும் நூலை மூடி வைத்து விடுகிறோம். சிரிப்புக்கும் ஒரு காரணம் இருக்குமே, அதனை நாடுவதும் ஆராய்ச்சிதானே என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

இவ்வெண்ணம் எழக் காரணமாயிருந்தது, அண்மையில் பங்சாரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் நடந்த சிறு கூட்டம். ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி, ஒரு நூலைப் படித்து வந்து பேசும் வழக்கமுடையவர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இருவர், வழக்கறிஞர் ஒருவர், வீட்டைக் கவனித்துக்கொண்டே விடாமல் படிக்கும் அம்மையார் இருவர், பல்கலைக்கழகப் படிப்பை முடித்த இளையோர் சிலர் என்ற அளவில் அமைந்தது அக்குழு. அன்று அவர்கள் எடுத்துக்கொண்ட நூல் சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’. எளிய நூலாயிற்றே, அரை மணியில் பேச்சு முடிந்துவிடும் என்று எண்ணித்தான் போயிருந்தேன். வீடு திரும்ப இரவு பத்தரை ஆயிற்று.

நூலைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். சாவி என்ற பெயரில் எழுதிய சா. விசுவநாதன் (1916–2001) வாழ்நாளெல்லாம் பத்திரிகைத் தொழிலிலே இருந்தவர். காந்தியடிகளின் நவகாளிப் பயணத்தை நேரில் கண்டு ‘நவகாளி யாத்திரை’ எழுதியவரும் அவரே என்று சொன்னபோது, கூட்டத்தில் இருந்த இளையோர் நம்பத் தயங்கினர். இந்தக் கதை 1963இல் ஆனந்த விகடனில் கோபுலுவின் சித்திரங்களோடு தொடராக வந்தது. பின்னர் நூலாயிற்று, நாடகமாகவும் மேடையேறிற்று. கதை என்று பார்த்தால் ஒரே வரிதான். தமிழ்நாட்டுக் கலியாணத்தின் கோலாகலத்தைக் கேள்வியுற்ற அமெரிக்கக் கோடீசுவரச் சீமாட்டி ஒருத்தி, அப்படியொரு கலியாணத்தை வாஷிங்டன் நகரிலேயே, எதுவும் குறையாமல், தன் செலவில் நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறாள். ராக்ஃபெல்லர் மாமி என்பது அவளுக்கு வாய்த்த பெயர். மணமக்களும் சுற்றத்தாரும் சாஸ்திரிகளும் சமையற்காரர்களும் அப்பளமிடும் பாட்டிமாரும் விமானம் ஏறுகின்றனர். வாஷிங்டன் நகரத்து மாடிகளில் அப்பளம் காய்கிறது. ஜானவாச ஊர்வலத்துக்குக் காஸ் விளக்குத் தூக்க நரிக்குறவர்கள் கடல் கடக்கின்றனர். நாய்களுக்கும் அந்தக் கலியாணத்தில் இடம் உண்டு. சம்பந்திச் சண்டையையும் கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்பது மாமியின் ஆசைகளுள் ஒன்று.

முதலிற் பேசிய அம்மையார்தாம், “வயிறு வலிக்கச் சிரித்தேன் சார், வேறென்ன சொல்ல?” என்று கையை விரித்தவர். எங்கே சிரித்தீர்கள் அம்மா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “அந்த மாமி எதைச் சொன்னாலும் சரி சரி என்று நம்புகிறாளே, அங்கேதான்” என்றார். தாம் எதுவும் சொல்லவில்லை என்று எண்ணிய அவ்வம்மையார், நூலின் மையத்தையே தொட்டுவிட்டார்.

மெய்ப்பாடுகள் எட்டனுள் தொல்காப்பியர் முதலில் வைப்பது நகை. அழுகையும் பெருமிதமும்கூட அதற்குப் பின்னரே வருகின்றன. அந்நகை பிறக்கும் நிலைக்களம் நான்கு என்பது அவர் கொள்கை: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேதைமைக்கும் மடனுக்கும் வேற்றுமை என்ன என்று மாணவர் கேட்டால் நம்மில் பலர் தடுமாறுவோம். உரையாசிரியராகிய பேராசிரியர் அதனைத் தெளிவாக்குகிறார். பேதைமை அறிவின்மை, மடனோ கேட்டதனை ஆராய்ந்து பாராமல் அப்படியே மெய்யென்று ஏற்றுக்கொள்ளுதல். அறிவிலியைப் பார்த்துச் சிரிப்பது ஒருவகை. நம்பிவிட்டவரைப் பார்த்துச் சிரிப்பது மற்றொரு வகை. ராக்ஃபெல்லர் மாமியிடம் அறிவுக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. அவளிடத்துள்ளது மடன். கலியாணத்தில் எது சடங்கு, எது பழக்கம், எது வெறும் தொல்லை என்று பிரித்தறிய அவளுக்கு வழியில்லை. தாலியும் தேவை, அப்பளமும் தேவை, சண்டையும் தேவை என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து வணங்குகிறாள். அவள் வணங்குவதைப் பார்க்கும்போதுதான், இவற்றுள் எது உண்மையில் தேவை என்று நாமே ஐயுறத் தொடங்குகிறோம். சாவி அந்த ஐயத்தை வாய்விட்டு எழுப்புவதில்லை. எழுப்பியிருந்தால் நூல் சீர்திருத்தப் பிரசாரமாகியிருக்கும், சிரிப்பும் போயிருக்கும்.

அடுத்துப் பேசியவர் இளம்பெண். அவருடைய குறை வேறு. “கலியாணக் கதை என்கிறீர்கள், காதல் எங்கே? மாப்பிள்ளையும் பெண்ணும் நாலு வார்த்தை மனம்விட்டுப் பேசினதாக எனக்கு நினைவே இல்லை. அவர்கள் பெயர்கூட மறந்துபோயிற்று.” அறையில் இருந்த மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தோம். இருவருக்கு மட்டுமே மணமக்கள் பெயர் நினைவிருந்தது. மாமியின் பெயரை மறந்தவர் ஒருவரும் இல்லை.

இது நியாயமான குறை. காதலும் நகையும் ஒன்றாய்க் கலந்த படைப்புத் தமிழுக்குப் புதிதன்று. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிப் பாட்டு ஒன்றை இங்கே நினைக்கலாம். சிறுவயதில் மணல்வீட்டைக் கலைத்துத் துன்புறுத்திய குறும்பன் ஒருவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்பவனைப் போல் வாயிலில் வந்து நிற்கிறான். நீர் கொடுக்க வந்தவளின் கையைப் பற்றுகிறான். அவள் அலறித் தாயை அழைக்கிறாள். தாய் ஓடி வந்ததும், தண்ணீர் குடிக்கையில் இவனுக்கு விக்கல் எடுத்தது என்று பொய் சொல்லி அவனைக் காக்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவுகிறாள். அவனோ கடைக்கண்ணால் அவளைக் கொல்வான் போல் நோக்கி நகைக்கிறான். ஒரு முழு நாவலுக்குரிய இன்ப நாடகம் அந்தச் சிறு பாட்டினுள் அடங்கியிருக்கிறது. அங்கே நகைக்குக் களம் இளமை. சாவியின் கதையிலோ இளமைக்கு இடமே இல்லை. இளையவர் இருவரும் மணவறையில் பொம்மைகளாய் அமர்ந்திருக்க, முதியவர்களே ஓடியாடுகின்றனர். ஏற்பாடு செய்த திருமணங்கள் பல அவ்வாறுதான் நடந்தன என்று சாவியின் சார்பில் ஒருவர் வாதாடினார். உண்மையாயிருக்கலாம். ஆயினும் இளம்பெண்ணின் மனக்குறை தீரவில்லை, என் மனக்குறையும்தான்.

மூன்றாவதாக வந்த கருத்து என்னைச் சிறிது திடுக்கிட வைத்தது. இளைஞர் ஒருவர் கூறினார்: “எனக்குச் சிரிப்பே வரவில்லை. எங்கள் அக்கா கலியாணம் மெல்பர்னில் நடந்தது. ஐயர் அங்கேயே இருந்தார், நாதசுரம் அங்கேயே இருந்தது, வாழையிலைகூடக் கிடைத்தது. வெளிநாட்டில் கலியாணம் என்பதில் என்ன வேடிக்கை?”

நூலின் வயதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் திறனாய்வு வேறில்லை. 1963இல் வாஷிங்டனில் ஒரு தமிழ்க் கலியாணம் என்றால் அது நிலவில் கலியாணம் என்பதற்கு ஒப்பு. அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி ஆசியருக்குக் கதவைத் திறந்தது 1965இல்தான். அதன் பின்னரே நம்மவர் பெருமளவில் அங்கே சென்றனர். 1970களில் நியூயார்க்கின் ஃபிளஷிங்கிலும் பிட்ஸ்பர்க்கிலும் கோயில்கள் எழுந்தன. கோயில் எழுந்த இடத்தில் கலியாணமும் நடக்கத்தானே செய்யும்! ஆசிரியர் நடவாததென்று எண்ணிக் கற்பனை செய்தது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நடப்பாகிவிட்டது. மிகைப்படுத்திச் சொல்வதையே வேராகக் கொண்ட நகைச்சுவைக்கு இதைவிடப் பெரிய இடர் வேண்டுவதில்லை. மிகை என்று சொன்னது மெய்யாகிவிட்டால் சிரிப்பு எங்கிருந்து வரும்? அமெரிக்காவைப் பொறுத்தவரை இந்த நூலின் வேடிக்கையில் ஒரு பங்கு செத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு மறுமொழி, அதுவரை பேசாதிருந்த மற்றோர் அம்மையாரிடமிருந்து வந்தது. கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர் அவர். அவர் சொன்னதன் சாரம் இது: “தம்பிக்குச் சிரிப்பு வராதது அவர் அக்கா கலியாணத்தில் எல்லாம் கிடைத்ததனால். எங்கள் பாட்டி கலியாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. ஐயர் கிடையாது, கோயில் பண்டாரம்தான். மேளம் கிடையாது, எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்த கிராமபோன் பாடியது. கங்காணியார் தாலி எடுத்துக் கொடுத்தார். மொய் எழுதியவர் தோட்டத்துக் கிராணி. காஸ் விளக்கு ஒன்றே ஒன்று. அது நடுவில் அணைந்து போயிற்றாம். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். இந்தப் புத்தகத்தில் விளக்குத் தூக்க விமானத்தில் ஆள் வருகிறார்கள் என்று படித்ததும் பாட்டி நினைவு வந்தது. ராக்ஃபெல்லர் மாமி மாதிரி ஒருத்தர் எங்கள் தோட்டத்துக்கு வரவில்லையே என்று நினைத்துச் சிரித்தேன். கொஞ்சம் அழுதும்விட்டேன்.”

கூட்டத்தில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

பங்சார் என்னும் ஊர்ப்பெயரே புங்கே, கிரிசார் என்ற இரு முதலாளிமாரின் பெயர்களை இணைத்த ரப்பர்த் தோட்டப் பெயரிலிருந்து வந்தது என்பர். நாங்கள் குளிர்பதன அறையில் அமர்ந்து தேநீர் அருந்திய அந்த மேட்டில் ஒருகாலத்தில் பால்மரங்கள் நின்றிருக்கும். சீவிய கைகளுள் நம்மவர் கைகளும் இருந்திருக்கும். சாவி வேடிக்கையாகக் கேட்ட வினாவை, அதாவது கடல் கடந்த நாட்டில் ஊர்க் கலியாணம் ஒன்றை நடத்த என்னென்ன வேண்டும் என்ற வினாவை, இந்நாட்டுத் தமிழர் அவருக்கு அரை நூற்றாண்டு முன்னரே வேடிக்கையின்றிக் கேட்டு, கையில் கிடைத்ததைக் கொண்டு விடையும் கண்டுவிட்டனர். வாஷிங்டனில் எல்லாவற்றையும் இறக்குமதி செய்யப் பணம் இருந்தது. தோட்டப்புறத்தில் எதையும் இறக்குமதி செய்ய இயலாது. ஆகவே சடங்கே சுருங்கிற்று, மாறிற்று, ஆனாலும் நின்றது. இன்று பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை கட்டும் கடைகளைக் கடந்து போகும்போதும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் கலியாணப் புடைவைகள் தொங்குவதைப் பார்க்கும்போதும், இவையெல்லாம் எப்போதும் இங்கே இருந்தன என்றே இளையோருக்குத் தோன்றும். இல்லாதிருந்த காலத்தின் நினைவு உள்ளவருக்குத்தான் சாவியின் நூல் முழுமையாகத் திறக்கிறது.

பேராசிரியர் உரையில் எள்ளலைப் பற்றியும் ஒரு நுட்பம் உண்டு. எள்ளல் இருவகைப்படும் என்கிறார். ஒருவன் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுதல் மற்றொன்று. இரண்டாவதை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அதன் பொருள் அந்த அம்மையாரின் பாட்டி சிரித்த சிரிப்பைக் கேட்டபோதுதான் விளங்கிற்று. நூலை எழுதியவருக்கு அந்தப் பாட்டியைத் தெரியாது. அவரை மனத்திற்கொண்டு எழுதவும் இல்லை. ஆசிரியன் நினையாத பொருளை வாசகர் ஒருவர் நியாயமாகவே நூலிற் காணலாம் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆனால் பாராட்டோடு கூட்டம் முடியவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுள் ஒருவர் சுயமரியாதை மரபிலே ஊறியவர். பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்து சென்றதும், கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வாயிலாகச் சீர்திருத்தம் பேசியதும் அவருக்கு நேற்று நடந்தவை போல. அவர் கேட்ட கேள்வி கடுமையானது. “இது தமிழ்க் கலியாணமா? ஜானவாசம், நலங்கு, சாஸ்திரிகள் என்று ஒரு வகுப்பாரின் கலியாணத்தைக் காட்டிவிட்டு, இதுதான் தென்னாட்டுத் திருமணம் என்று அமெரிக்கருக்குச் சொல்லலாமா? சிரிப்பு என்ற பெயரில் இதை ஏற்றுக்கொள்வதா?” ஜானவாசம் என்றால் என்ன என்று தெரியாத இருவர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தனர். ஆகையால் அவர் கேள்வி வெறும் கட்சிவாதம் அன்று.

நான் சொன்ன மறுமொழியில் எனக்கே முழு நிறைவில்லை. எழுத்தாளன் தான் அறிந்த வீட்டைத்தான் எழுதுவான். சாவி அறிந்த வீடு அது. அவர் சிரிப்பதும் தம் வீட்டாரைப் பார்த்தே. அந்த அளவில் அவருடைய எள்ளல் பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகையோடு உறவுடையது. ஆனால் ஊர்வலத்து விளக்கைத் தூக்க நரிக்குறவரைக் கொண்டுவரும் பகுதியில் அந்த நியாயம் நில்லாது. அங்கே ஆசிரியர் தம் வீட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விருந்தினராக அழைக்கப்படாமல், வேடிக்கைப் பொருளாக அழைத்துவரப்பட்ட மக்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார். அறுபது ஆண்டுகளுக்கு முன் எவரும் அதைக் குற்றமாக எண்ணியிருக்கமாட்டார் என்பது விளக்கமாகலாம், சமாதானமாகாது. முன்னோர் பாட்டிலும் இந்தக் குறை உண்டு. மருதக்கலியில் கூனியும் குறளனும் காதல் பேசும் பாட்டை வகுப்பில் நடத்தும்போது, உடற்குறையைச் சிரிப்புக்குரியதாக்கியதை நினைத்துத் தயங்காத ஆசிரியர் இன்று யார்? நடத்தாமல் விடவும் மனம் வருவதில்லை. அத்தனை உயிருள்ள பேச்சு அது. தயக்கத்தையும் சேர்த்தே நடத்துவதுதான் நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. சாவியின் இந்த இடத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

வாசகர் கருத்தை இத்தனை பெரிதாக எடுத்துப் பேசுவதா என்று சிலர் கேட்கக்கூடும். இந்நாட்டில் இது புதிய பழக்கமன்று. 1950–51இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தி, எழுதப் பழகுவோரின் கதைகளைப் பொதுவில் வைத்துத் திருத்தினர். அதற்கு அடுத்த ஆண்டில் சிங்கப்பூர்த் தமிழ் முரசில் ‘ரசனை வகுப்பு’ நடந்தது. 1950களின் நடுவே தமிழ் நேசனில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் ‘இலக்கிய வட்டம்’ கூட்டி, படைப்புகளைப் படித்து வெளிப்படையாகக் கருத்துச் சொல்லும் பழக்கத்தை உண்டாக்கினார். 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. ஒரு நாளேட்டின் பக்கங்களில் நடந்த அந்த உரையாடல், இன்று பங்சார் வீடு போன்ற இடங்களில் தேநீர்க் கோப்பைகளுக்கிடையே நடக்கிறது. நடக்கிறதே என்று மகிழ்வதா, யாரும் எழுதி வைப்பதில்லையே என்று வருந்துவதா என்பது வேறு.

தமிழ்நாட்டில் இப்பொருளில் இரு கட்சிகள் இருந்தன. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளால் வாசகரின் சுவையே கெட்டது என்றவர் க.நா.சு. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியதும் அந்த மனக்கசப்பின் தொடர்ச்சியே எனலாம். மறுபுறம் ரசிகமணி டி.கே.சி., நூலைத் துய்த்தவனின் இன்பத்தையே உரைகல்லாக வைத்தார். எனக்கு இரு பக்கத்திலும் பாதி மனம் உண்டு. பலர் படித்தனர் என்பது தகுதிச் சான்று ஆகாது, க.நா.சு. சொன்னது சரி. ஆனால் பலர் படித்தனர் என்பதையே குற்றப்பத்திரிகையாக்கும் வழக்கம் அவருக்குப் பின் வந்தவரிடம் மிகுந்துவிட்டது. இன்பம் கண்டேன் என்று ஒருவர் சொன்னால், எதில் கண்டாய் என்று கேட்கும் பொறுமையாவது திறனாய்வாளனுக்கு வேண்டாமா? அந்த வினாவைக் கேட்காமல் விட்டிருந்தால், முதல் அம்மையாரின் மடன் பற்றிய கண்டுபிடிப்பும் நமக்குக் கிடைத்திராது. தோட்டத்துப் பாட்டியின் அணைந்த விளக்கும் கிடைத்திராது.

நூலின் மற்றக் குறைகளையும் மறைப்பதற்கில்லை. ஒரே வகை வேடிக்கை திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு பொருள் இல்லை, மாமி வரவழைக்கிறாள், அமெரிக்கர் வியக்கின்றனர். பாதிக்கு மேல் அடுத்தது என்ன என்று வாசகரே சொல்லிவிடலாம். வாரம் ஒரு பகுதியாகப் படித்தவருக்கு இது தெரிந்திராது. ஒரே இருப்பில் படிப்பவருக்குத் தெரிகிறது. அமெரிக்கர் எல்லாரும் ஒரே முகத்தினர். வாஷிங்டன் நகரமும் மேடைத் திரையில் எழுதிய நகரமாகவே நிற்கிறது. இதே 1963இல், ஆகஸ்டு 28 அன்று, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கறுப்பினத்தாரின் உரிமைக்காக அந்த நகரில்தான் பேரணி சென்றனர். நகைச்சுவைத் தொடரில் அதை எதிர்பார்ப்பது முறையன்று என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஊர்வலப் பகுதியைப் படிக்கையில் அந்த மற்றோர் ஊர்வலம் மனத்தில் வந்து நிற்பதைத் தடுக்க முடியவில்லை.

இந்தப் பேச்சு எங்களை நம் நாட்டு நாவலுக்கு இழுத்துச் சென்றது. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கூறப்படும் 1917ஆம் ஆண்டு நூலின் பெயர் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. காதலோடு தொடங்கியிருக்கிறோம். பிறகு வந்த பேர்பெற்ற நூல்களை எண்ணிப் பாருங்கள்: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, ‘லங்காட் நதிக்கரை’. மரணப் பாதையும் போரும் பசியும் தோட்டத் துயரும் எழுதப்பட வேண்டியவையே; எழுதாதிருந்தால் அது பெரும் பழியாகியிருக்கும். ஆனால் அதே தோட்டத்தில் விளக்கு அணைந்ததற்கு விழுந்து விழுந்து சிரித்தவரும் இருந்தாரே, அவர் ஏன் நாவலுக்குள் அதிகம் வரவில்லை? வழக்கறிஞர் அன்பர் ஒரு காட்சி சொன்னார். 1982 மார்ச்சில் திருமணப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், மணவறைக்குப் பக்கத்தில் பதிவு மேசையையும் போட்டார்களாம். ஒரு மண்டபத்தில், கையெழுத்து முதலிலா, தாலி முதலிலா என்று இரு வீட்டாருக்கும் வழக்கு மூண்டு, நல்ல நேரம் கடந்து, பதிவாளர் கைக்கடிகாரத்தையும் ஐயர் பஞ்சாங்கத்தையும் பார்த்துக்கொண்டு எதிரெதிரே நின்றனராம். இதை எழுதச் சாவி எதற்கு? இங்கே இருப்பவர் எழுதலாமே என்று இளம்பெண்ணைப் பார்த்து எல்லாரும் சொன்னோம். “எழுதினால் காதலும் இருக்கும்” என்றார் அவர்.

சுயமரியாதை ஆசிரியர் கடைசிவரை தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எனினும் புறப்படும்போது நூலைக் கையிலெடுத்து, சம்பந்திச் சண்டை வரும் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அறை நடுவில் நின்றபடியே குரல் மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினார். தம்மை மறந்து அவர் சிரித்ததை யாரும் சுட்டிக்காட்டவில்லை. அடுத்த மாதத்துக்குத் தேவனின் ‘மிஸ் ஜானகி’ என்று முடிவாயிற்று. பிரதி ஒன்றுதான் அகப்பட்டிருக்கிறது; ஆளுக்கு மூன்று நாள்.